ஒரே மண்டையோடு, இரண்டு நீளம்: பதில்
தம்பி, மதுரையில் உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரே மண்டையோட்டின் அதிகபட்ச நீளம் உங்களுக்கு 178, தோழிக்கு 171 மில்லிமீட்டர் என்று வருகிறதே, அவர் எங்கிருந்து தொடங்கினார் என்று கேளுங்கள். அநேகமாக நேசியான், அதாவது மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேரும் இடம். தொடங்கவேண்டியது கிளாபெல்லாவில்: நேசியானுக்குச் சற்று மேலே, புருவ மேடுகளுக்கு நடுவில் துருத்தும் புள்ளி.

பின்முனையான ஒபிஸ்தோகிரேனியனைக் கண்ணால் தேடாதீர்கள். காலிப்பரின் (இரு முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் கருவி) ஒரு முனையைக் கிளாபெல்லாவில் பிடித்து, மறுமுனையை நடுக்கோட்டிலேயே மேலும் கீழும் நகர்த்துங்கள். அதிக அளவு காட்டும் இடம்தான் அது. பிடரியில் கைக்குத் தட்டுப்படும் முண்டு பெரும்பாலும் அதுவல்ல, இனியான்.

அப்புறம், அகலம் 135 என்றால் உங்கள் நீளத்துக்குத் தலைக் குறியெண் (அகலத்தை நீளத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது) 75.8, அவருடையதற்கு 78.9. கீழடி அருகே கொந்தகைப் பழங்கால ஈமக்காட்டில் கிடைத்த மண்டையோடுகள் மாதிரிப் பழைய எலும்பில் கைவைக்கும்முன் இந்தப் பழக்கம் கட்டாயம் படியவேண்டும்.