கொல்லிமலையில் அம்மாவுக்கு ஏற்ற அருவி

முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கொல்லிமலையில் எந்த அருவிக்கு அழைத்துச் செல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நாளில் சென்று திரும்புவதென்றால், ஆகாய கங்கை அருவியை விட்டுவிட்டு மாசிலா அருவிக்குச் செல்லுங்கள்; அங்கு இறங்க வேண்டிய தூரம் குறைவு.

சென்ற முறை ஆகாய கங்கைக்கு இறங்கும்போது பாதியிலேயே திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். இறங்குவது எளிது என்று எண்ணியதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பல இடங்களில் செங்குத்தானவை. இறங்கும்போது உடலின் பாரம் முழுவதும் முழங்காலில் விழும், ஏறும்போது மூச்சு வாங்கும். ஆகாய கங்கைக்கே போவதென்றால், மற்றவர்கள் அருவிக்குப் போய்வரும்வரை அம்மா கோயிலில் அமர்ந்திருக்கலாம். அறுத்த மீன் மீண்டும் பொருந்தியதாகச் சொல்லப்படும் தலம் என்பதால், அங்குள்ள ஓடை மீன்களைப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், கொல்லிமலையின் முக்கிய ஊரான செம்மேட்டில் உள்ள ஏதேனும் ஒரு விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, மாசிலாவில் நீர் விழுகிறதா என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெருகும் நீர், கோடையில் மிகவும் மெலிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: அடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மலையேறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பயணத்தில் வாந்தி வருபவராக இருந்தால், வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறாமல் இருப்பது நல்லது. கனமழை பெய்துகொண்டிருந்தால் பயணத்தையே தள்ளிவையுங்கள்.