கூட்டணி இருந்தால் போர் தானாக வந்துவிடுமா?

எதிரெதிர் ராணுவக் கூட்டணிகள் எப்படி நாடுகளைப் பெரும்போருக்குள் இழுக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் இதை முதல் உலகப்போரின் காரணங்கள் என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள். ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. மறுபக்கம் பிரான்ஸ், ரஷ்யா, பிரிட்டன். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்பட்டார், ஆஸ்திரியா செர்பியாவின் மீது பழி போட்டது, கூட்டாளிக்காகக் கூட்டாளி என்று எல்லோரும் இறங்கினார்கள். நானும் அப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கினேன். பிற்பாடு தேதி வாரியாகப் படித்தபோதுதான் அது பாதி விடை என்று புரிந்தது.

இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1882லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவோடு கூட்டணியில் இருந்த நாடு. போர் வந்ததும், “நம் ஒப்பந்தம் தற்காப்புக்கு மட்டும்தான், இங்கே முதலில் கைவைத்தது ஆஸ்திரியா” என்று சொல்லி ஒதுங்கிவிட்டது. மறு வருடம் மே மாதம் அதே ஆஸ்திரியாவின் மீது போர் தொடுத்தது! மறுபக்கம், செர்பியாவைக் காப்போம் என்று ரஷ்யா எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் இறங்கியது. பிரிட்டனும் பிரான்ஸும் 1904ல் செய்துகொண்டது எகிப்து, மொராக்கோ மாதிரியான காலனித் தகராறுகளைத் தீர்க்கும் உடன்பாடுதான், போர்க் கூட்டணி அல்ல. ஆக, ஒப்பந்தத் தாள் மட்டுமே யாரையும் இழுத்துப் போகவில்லை.

இழுத்தது, கூட்டாளி கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம். ஜெர்மனிக்கு நம்பிக்கையான பெரிய கூட்டாளி என்று இருந்தது ஆஸ்திரியா ஒன்றுதான். அது பலவீனப்பட்டால் தான் தனிமரம் என்ற கவலையில், ஜூலை 5 அன்று ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்ம் ஆஸ்திரியத் தூதரிடம் “நீங்கள் எது செய்தாலும் பின்னால் நாங்கள் இருக்கிறோம்” என்கிற ரீதியில் சொல்லிவிட்டு, மறுநாள் நார்வே பக்கம் கப்பல் பயணம் கிளம்பிவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடு வைத்து செர்பியாவை நெருக்கியது. ரஷ்யாவை இழந்தால் ஜெர்மனியிடம் தனியாக மாட்டிக்கொள்வோம் என்று பிரான்ஸுக்கும் இதே பயம். பெரியவன் சின்னவனை அடக்கி வைப்பான் என்று நினைப்போம். இங்கே சின்னவன் பெரியவனை இழுத்துக்கொண்டு போனான்.

அப்புறம் ரயில். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பிரான்ஸ், ரஷ்யா என்ற இரண்டு கூட்டாளிகளுக்கு நடுவில் இருந்ததால், இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் சண்டை போட முடியாது என்று ஜெர்மனி கணக்குப் போட்டது. ரஷ்யா மெதுவாகத்தான் படை திரட்டும், அதற்குள் பெல்ஜியம் வழியாகப் போய் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். எந்த ரயில் எந்தப் பாலத்தை எப்போது கடக்கும் என்பது வரை தாளில் இருந்தது. ஜூலை 30 அன்று ரஷ்யா முழுப் படையையும் திரட்ட உத்தரவிட்டதும், ஜெர்மனியைப் பொறுத்தவரை கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 1 மாலை பெர்லின் அரண்மனையில் நடந்ததைப் பாருங்கள். பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்ற தொனியில் லண்டனிலிருந்து ஒரு தந்தி. கைசருக்கு ஒரே சந்தோஷம். “அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்கள்” என்கிறார். தலைமைத் தளபதி மோல்ட்கே, முடியாது என்கிறார். திருப்பினால் போய்ச் சேர்வது படையாக இருக்காது, சாப்பாடுகூட இல்லாத கும்பலாகத்தான் இருக்கும். “உங்கள் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார்” என்று கைசர் குத்துகிறார். (பெரியப்பா 1870ல் பிரான்ஸைத் தோற்கடித்த மோல்ட்கே.) ராத்திரியே அந்தத் தந்தி தவறான புரிதல் என்று தெரிகிறது. “சரி, இனி உங்கள் இஷ்டம்” என்கிறார் கைசர்.

வேடிக்கை என்னவென்றால், யாருக்காக ஜெர்மனி களத்தில் குதித்ததோ அந்த ஆஸ்திரியா, ரஷ்யாவின் மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6 அன்றுதான். அதற்குள் பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைந்து, பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு உறுதி தந்த 1839 ஒப்பந்தத்தைக் காட்டி பிரிட்டனும் இறங்கியாகிவிட்டது.

பிரிட்டன் இறங்கினால் இந்தியாவும் இறங்கியதாகத்தான் கணக்கு. இங்கே யாரையும் கேட்கவில்லை. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. “அவன் பெரிய எம்டன்” என்று எங்கள் தாத்தா சொல்வதற்கு அர்த்தம் அதுதான். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கு ஒரு சின்னக் கல்வெட்டு உண்டு. பாரிமுனையில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் பல வருடம் நான் அதைக் கவனித்ததே இல்லை.