இரண்டு சூரியன் இருந்தால் கோள் தப்பிக்குமா?

கேள்வி: இரட்டை நட்சத்திரம் ஒன்றில் இருக்கும் கோளுக்கு என் மகளின் பெயரை வைத்துச் சான்றிதழ் தருவதாக ஓர் இணையதளம் பணம் கேட்கிறது. கோள் தன் நட்சத்திரத்திலிருந்து 1 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்) தூரத்திலும், துணை நட்சத்திரம் 20 அலகு தூரத்திலும் இருக்கிறதாம். அந்தக் கோள் வெந்துபோகாதா? வெளியே வீசப்படாதா?

பதில்: வெந்துபோகாது. துணை நம் சூரியனைப் போன்றதே என்றாலும், 20 அலகு தள்ளியிருந்தால் சூரியன் பூமிக்குத் தரும் வெப்பத்தில் நானூறில் ஒரு பங்குதான் வரும். 10 அலகுக்கு நெருங்கினாலும் நூறில் ஒரு பங்கு. ஆனால் துணை இரவில் வானில் இருக்கும் மாதங்களில் முழுநிலவைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு வெளிச்சம் அடிக்கும்.

வீசப்படுமா என்பதைச் சொல்ல 20 என்ற எண் மட்டும் போதாது. அதைச் சராசரி தூரம் என்றே வைத்துக்கொள்வோம். துணையின் பாதை எவ்வளவு நீண்டு ஒடுங்கியது என்பதைக் காட்டும் மையத்தொலைத்தகவுதான் முக்கியம். இரு நட்சத்திரங்களும் ஒரே நிறை என்றால், தகவு 0 ஆக, அதாவது பாதை முழு வட்டமாக இருக்கையில் சுமார் 5.5 அலகு வரை கோள் பத்திரம். 0.5 என்றால் 2.4 அலகு வரை. 0.8 என்றால் எல்லை 0.7-க்குச் சுருங்கிவிடும், நீங்கள் சொல்லும் கோள் தப்பாது. 1999-இல் ஹோல்மன், வீகெர்ட் என்ற வானியலாளர்கள் கணினியில் துணையைப் பத்தாயிரம் சுற்று ஓடவிட்டுக் கண்ட சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் எண்கள் இவை. இரண்டு நட்சத்திரங்களையும் சேர்த்துச் சுற்றும் கெப்ளர்-16பி போன்றவற்றுக்குக் கணக்கே வேறு.

இந்த எல்லைக்குள் இருந்தும் கெட்டுப்போக ஒரு வழி உண்டு. துணையின் பாதைத் தளமும் கோளின் தளமும் சுமார் 39 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால், வட்டமாக ஓடிய கோள் மெல்ல மெல்ல நீள்வட்டத்துக்கு இழுபடும். சாய்வு 60 டிகிரி என்று வையுங்கள். சில ஆயிரம் ஆண்டுகளில் கோளின் பாதைத் தகவு 0.76 வரை ஏறும். அப்போது கோள் ஒவ்வொரு சுற்றிலும் நட்சத்திரத்துக்கு 0.24 அலகு வரை நெருங்கும். அந்த இடத்தில் வெப்பம் பதினெட்டு மடங்கு. பிறகு பாதை மறுபடி வட்டமாகும், மறுபடி நீளும். எச்டி 80606பி என்ற கோளின் தகவு 0.93 வரை போனதற்குத் தொலைவில் இருக்கும் துணையே காரணம் என்று கருதப்படுகிறது.

சரி, இந்தச் சாய்வையும் தகவையும் எங்கே பார்ப்பது? கோள் பட்டியல்களில் நட்சத்திரம் எத்தனை என்று எழுதியிருக்கும்; துணையின் பாதை விவரம் பெரும்பாலும் அதே வரிசையில் இருக்காது, ஆய்வுக் கட்டுரைகளைத் துழாவ வேண்டும். கட்டுரையில் தரும் தூரமும் பல நேரம் வானத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி மட்டுமே. ஆழத்தில் துணை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது அதில் வராது. இதைச் சொல்லாமலே ஒற்றை எண்ணைப் போட்டுப் பரப்புகிறார்கள்.

பெயர் விற்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவர்கள் தரும் சான்றிதழை எந்த வானியலாளரும் ஏற்பதில்லை. கோள்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் அதிகாரபூர்வப் பெயர் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயர்களை விற்பதில்லை. காமா செஃபெய் நட்சத்திரத்தைச் சுமார் 2 அலகில் சுற்றும் கோளுக்கு, ஏறத்தாழ நீங்கள் சொன்ன தூரத்திலேயே துணை உண்டு. அதற்கு 2015-இல் மக்கள் வாக்கெடுப்பில் தத்மோர் என்று பெயர் வைத்தார்கள். வாக்களிக்கக் காசு வாங்கவில்லை.

அந்தத் தளத்திடம், கெப்ளர்-16பி என்பது போன்ற, கோளின் பட்டியல் பெயரைக் கேட்டுப் பாருங்கள். மழுப்பினால், அப்படியொரு கோளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயரைச் சொன்னாலும் பணம் மட்டும் கட்டாதீர்கள்.