வாசகர் கேள்வி – பதில்: மூன்று கைபேசியும் இருபது பிள்ளைகளும்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பிள்ளைகள் இருபது பேர், கைபேசிகள் மூன்று. மின்சாரமும் இணையமும் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சொல் விளையாட்டுச் செயலியில் முழு மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகள், எதிரே நிற்கவைத்துப் பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை. வேறு எந்தச் செயலி நல்லது? – ஓர் ஆசிரியை, தட்டோன், பர்மா

பதில்: நீங்கள் செயலியைக் கேட்கிறீர்கள், நானோ, கைபேசி வாங்கிய அன்றே அதற்குள் இருந்த ஒலிப்பதிவுக் கருவியைத்தான் சொல்வேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவது சொல்லை அடையாளம் காணும் வேலை. அதே சொல்லை நினைவிலிருந்து எடுத்து நாவுக்குக் கொண்டுவருவது வேறு வேலை. முதலாவதில் எவ்வளவு பழகினாலும் இரண்டாவது தானாக வந்துவிடாது.

நம் பிள்ளைகளின் நாக்கு எங்கே இடறுகிறது என்பதை முதலில் பாருங்கள். பர்மிய மொழியில் ஓர் அசை உயிரொலியிலோ மூக்கொலியிலோ முடியும், அல்லது தொண்டையில் வெட்டுப்பட்டு நிற்கும். க், ட், ஃப் போன்ற ஒலிகள் இறுதியில் தெளிவாக வெளிவருவதில்லை. ஆகவே பர்மியப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வாயில் லைக், லைட், லைஃப் ஆகிய மூன்றும் ஒரே வெட்டாக நின்றுவிடக்கூடும். வீட்டுத் தமிழோ அவற்றுக்கு ஓர் உகர வாலை ஒட்டி லைக்கு, லைட்டு என்று நீட்டிவிடுகிறது. இதற்கு ஈடாக ஒரு வரவும் உண்டு. ‘திங்க்’ என்ற சொல்லின் முதலொலிக்காகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படும் பாடு உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை; தட்டோன் என்ற ஊர்ப் பெயரைப் பர்மியர் சொல்லும்போது முதலில் வருவதே ஏறக்குறைய அந்த ஒலிதான்.

இனி வகுப்புக்கு வருவோம். கைபேசிக்கு ஆறேழு பேராகப் பிரித்து, இறுதி ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்களைக் கொண்ட ஐந்து வாக்கியங்களை ஒவ்வொரு குழுவும் பதிவு செய்யட்டும். பிறகு கைபேசிகளை மாற்றிக்கொண்டு, பக்கத்துக் குழுவின் குரலைக் கேட்டு, காதில் விழுந்த சொல்லை ஏட்டில் எழுதட்டும். தான் ‘லைக்’ என்று சொன்னதாக நினைத்ததைத் தோழி ‘லைட்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு நீங்கள் தனியாகப் பிழை திருத்த வேண்டியிருக்காது. பேச்சை எழுத்தாக்கும் வசதியைக்கூட, ஆங்கிலத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால், பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இணையமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் அதை நடுவராக உட்காரவைக்காதீர்கள். அக்கம்பக்கச் சொற்களைக் கொண்டு ஊகித்து எழுதும் கருவி அது. பிள்ளை தவறாகச் சொன்னதையும் சரியாக எழுதிவிடும், சரியாகச் சொன்னதையும் சில வேளை கெடுத்துவிடும்.

கேட்பதற்குப் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சிகள் ஏற்றவை. ஒலியும் எழுத்துப் படியும் கிடைப்பதால், இணையம் கிடைத்த நாளில் இறக்கி, புளூடூத் வழியாக மற்ற இரண்டு கைபேசிகளுக்கும் அனுப்பிவிடலாம். ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓடவிடாமல், அரை நிமிடம் கேட்டு நிறுத்தி, கூடவே சொல்லிப் பழகுவது மேல். சொற்களை மறக்காமலிருக்க ‘அங்கி’ செயலி உண்டு; தெரிந்த சொல்லைச் சில நாள் கழித்தும் தடுமாறிய சொல்லை விரைவிலும் அது திரும்பக் காட்டும். மின்சாரம் இல்லாத மாலைக்குப் பழைய பிஸ்கட் டப்பாக்கள் ஐந்து போதும்: சரியாகச் சொன்ன சொல்லின் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தவறினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். பின் டப்பாக்களைத் திறக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகவேண்டும்.

கேள்வி: என் மகன் ஆங்கிலக் கட்டுரையைப் பர்மியத்தில் எழுதி, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்துவிடுகிறான். தடுக்கலாமா? – ஒரு தந்தை, ரங்கூன்

பதில்: தடுத்தால் ஒளித்துச் செய்வான். முதலில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு கருவியின் பத்து வரியைப் பக்கத்தில் வைத்து, அதன் பிழைகளைத் தேடச் சொல்லுங்கள். பிழைகள் கிடைக்கும். பேச்சுப் பர்மியத்தில் அவனுக்கும் அவளுக்கும் ‘தூ’ என்ற ஒரே சொல் போதும். பல வாக்கியங்களில் எழுவாயே இராது. ஆங்கிலத்தில் எழுவாயையும், அது ஆணா பெண்ணா என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பதால் கருவி ஊகிக்கும். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடு என்னும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாறுவதற்கு முன், அதனோடு ஒத்துப்போகாத ஜாவ்ஜி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய குறிப்புகளைப் போட்டாலோ, பொருளே குழம்பிவிடலாம். தன் அக்காளைப் பற்றி நாலு வரி பர்மியத்தில் எழுதி, இரண்டாம் வரியிலிருந்து ‘தூ’ என்று மட்டும் குறித்து, கருவியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; எந்த வரியில் அக்காள் ஆணாகிறாள் என்று அவனே தேடட்டும்.