வெளி மாநில வாடகை வீடு யார் பெயரில் இருக்கலாம்?

கேள்வி: ஒஹையோவில் எங்கள் இருவர் பெயரிலும் இரண்டு வாடகை வீடுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வங்கிக் கடன் உண்டு. வயோமிங்கில் ஓர் எல்எல்சி (சொந்தச் சொத்தைத் தொழிலின் பொறுப்புகளிலிருந்து பிரித்து வைக்கும் நிறுவனம்) தொடங்கி அதற்கு மாற்றினால் வரியும் குறையும், வழக்குகளிலிருந்தும் தப்பலாம் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: வரி குறையாது. கணவன் மனைவி மட்டுமே உறுப்பினர்களாக உள்ள எல்எல்சியைக் கலிஃபோர்னியாவில் நீங்கள் தனி வரிதாரராகக் காட்டத் தேவையில்லை. வாடகைக் கணக்கு இப்போது போலவே உங்கள் வருமான வரிக் கணக்கில் வாடகைக்கான ஷெட்யூல் ஈ படிவத்தில்தான் வரும். செலவோ கூடும். வயோமிங்கின் குறைந்தபட்ச ஆண்டுக் கட்டணம் 60 டாலர்தான். ஆனால் வீடு ஒஹையோவில் இருப்பதால் அங்கும் பதிய வேண்டும். நிர்வாகம் சான் ஹோசேயிலிருந்து நடப்பதால், லாபமோ நஷ்டமோ, கலிஃபோர்னியா ஆண்டுக்கு 800 டாலர் கேட்கும். வீட்டுக்கு ஒரு எல்எல்சி என்றால் 1,600 டாலர். ஆகவே வயோமிங்கை விட்டுவிடுங்கள். எல்எல்சி வேண்டுமென்றால் ஒஹையோவிலேயே தொடங்கிக் கலிஃபோர்னியாவில் பதியுங்கள்.

பெயர் மாற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உரிமை கைமாறினால் முழுக்கடனையும் உடனே கேட்கும் உரிமை பெரும்பாலான கடன் பத்திரங்களில் வங்கிக்கு உண்டு. உங்கள் கடன், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்திடம் இருந்து, அந்நிறுவனம் அதை 2016 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியிருந்தால், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள எல்எல்சிக்கு மாற்ற அனுமதி உண்டு. எதுவானாலும் வங்கியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அவசரப்பட்டு 'க்விட்க்ளெய்ம்' பத்திரம் (எந்த உத்தரவாதமும் தராமல் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதினால் டைட்டில் இன்ஷூரன்ஸ் (சொத்துரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடு தரும் காப்பீடு) பாதுகாப்பு போய்விடக்கூடும்; முதலில் அந்த நிறுவனத்தைக் கேளுங்கள். வீட்டுக் காப்பீடு பழைய பெயரிலேயே நின்றால் தீ விபத்து இழப்பீடு சிக்கலாகும். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, டெபாசிட் மூன்றும் எல்எல்சி பெயருக்கு வந்தாக வேண்டும். வாடகைப் பணத்தில் மளிகை வாங்கினால், எல்எல்சி வெறும் பெயருக்குத்தான் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும்.

உங்கள் சொந்தக் கவனக்குறைவுக்கும் நீங்கள் கையெழுத்திட்ட கடனுக்கும் எல்எல்சி கேடயமாகாது. இரண்டு வீடு என்ற அளவில் முதலில் வாடகை வீட்டுக்கான நல்ல லேண்ட்லார்ட் காப்பீட்டு பாலிசி, அதன் வரம்பைத் தாண்டும் இழப்பீட்டுக்கு 10 லட்சம் டாலர் அம்பரெல்லா பாலிசி எடுங்கள். பின்னாளில் எல்எல்சிக்கு மாறினால், தனிநபர் அம்பரெல்லா பெரும்பாலும் அந்த வீடுகளை ஏற்காது. கமர்ஷியல் பாலிசி தேவைப்படும்.

எஸ் கார்ப்பரேஷன் (லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே கட்டும் ஒரு நிறுவன வகை) மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே போன வீட்டை மீண்டும் உங்கள் பெயருக்கு எடுத்தால், சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி வரி விதிப்பார்கள்.