குதிரையின் காலும் ஜாக்கியின் உயிரும்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: ஐயா, என் தம்பி மகனுக்கு 16 வயது. ஒல்லியான, குட்டையான உடல்வாகு. பெங்களூருவில் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர், பையனை ஜாக்கி (பந்தயக் குதிரையை ஓட்டுபவர்) பயிற்சியில் சேர்த்தால் நல்ல வருமானம் கிடைக்கும் என்கிறார். தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கோ பயமாக இருக்கிறது. அந்தத் தொழிலில் ஆபத்து எவ்வளவு?
- வாசகி, தக்கலை

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. பந்தயக் குதிரை 450 முதல் 500 கிலோ வரை எடை உள்ளது. அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது ஜாக்கி அதன் முதுகில் உட்கார்ந்திருப்பதில்லை. குட்டையாக இழுத்துக் கட்டிய அங்கவடிகளில் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையங்கள்) பாதத்தின் முன்பகுதியை மட்டும் ஊன்றி, முழங்காலை மடித்து, முன்னோக்கிக் குனிந்து நிற்கிறார். முன்னால் ஓடும் குதிரையின் பின்னங்குளம்பில் தன் குதிரையின் முன்னங்கால் தட்டிவிட்டால் அந்தச் சமநிலை நொடியில் போய்விடும். விழுவதோடு ஆபத்து முடிவதும் இல்லை, ஏனென்றால் பின்னால் வரும் குதிரைகளுக்கு விலகிச் செல்ல நேரம் இருக்காது. தோள்பட்டை எலும்பு முறிவும் தலை அதிர்ச்சியும் இத்தொழிலில் வழக்கமாகக் காணப்படும் காயங்கள். முதுகுத்தண்டு அடிபட்டு நிரந்தரமாக முடங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். தலைக்கவசமும் மார்புக் கவசமும் உதவுகின்றன என்பது உண்மையே, ஆனால் மார்புக் கவசம் கழுத்தைக் காப்பதில்லை.

வெளியில் தெரியாத இன்னொரு ஆபத்து எடையைக் குறைப்பது. 50 கிலோவை ஒட்டியே உடம்பை வைத்திருக்க வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடப்பதும், வெந்நீர்த் தொட்டியிலும் நீராவி அறையிலும் உட்கார்ந்து வியர்வையாக நீரை வெளியேற்றுவதும் பல தலைமுறைகளாக நடந்துவருகின்றன. உடலில் நீர் வற்றினால் கண்ணும் கையும் சேர்ந்து செயல்படும் வேகம் குறையும். வளரும் வயதில் உணவைக் குறைத்தால் எலும்பு கெட்டிப்படாது. விழுவதற்கான வாய்ப்பும், விழுந்தால் முறிவதற்கான வாய்ப்பும் ஒருசேரக் கூடுகின்றன. பிரிட்டனில் பந்தய மைதானங்களில் இருந்த நீராவி அறைகளை 2021-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். உங்கள் தம்பி உயரமானவர் என்றால் பையனும் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வளர்ந்துவிடுவான். அப்போது அந்த எடையில் நிற்பதற்காக அவன் தன் உடம்போடு தினமும் போராட வேண்டியிருக்கும்.

பிளஸ் டூ முடியட்டும் என்று தம்பியிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், காலைப் பயிற்சி ஓட்டத்தின்போது மைதானத்தில் மருத்துவரும் ஆம்புலன்சும் இருக்கிறார்களா, பயிற்சியில் ஏற்படும் காயத்துக்கும் காப்பீடு உண்டா, தலையில் அடிபட்டவரை எத்தனை நாள் குதிரை ஏற விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பவற்றை நேரில் போய் விசாரியுங்கள். கூட்டமும் கேமராவும் இருக்கும் பந்தய நாளைவிட, விடியற்காலைப் பயிற்சியில்தான் பாதுகாப்பு தளர்ந்துபோகிறது.

கேள்வி: நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு எத்தனையோ பேரின் கால் முறிவைக் குணமாக்கியிருக்கிறார்கள். ஆட்டுக்குட்டிக்குக்கூட மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறோம். பந்தயக் குதிரைக்குக் கால் முறிந்தால் மட்டும் ஏன் கொன்றுவிடுகிறார்கள்?
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: ஆட்டுக்குட்டியின் எடை சில கிலோ, அது படுத்துக் கிடக்கும், மூன்று காலில் நொண்டியும் நடக்கும். மனிதனைப் படுக்கையில் கிடத்திவிடலாம். குதிரையை வாரக்கணக்கில் படுக்க வைக்க முடியாது. அதன் சொந்த எடையே நுரையீரலையும் தசைகளையும் அழுத்திக் கெடுத்துவிடும், படுக்கைப்புண் வரும், குடல் இயக்கம் குழம்பும். எனவே முறிந்த காலோடு அது நின்றே ஆக வேண்டும்.

அந்தக் காலின் அமைப்பையும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சதைப்பற்று கிடையாது. எலும்பு, தசைநார், தோல் அவ்வளவுதான். முழு வேகத்தில் ஒரு கணம் ஒற்றை முன்னங்கால் மட்டும் தரையில் ஊன்றும்போது, உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசை குளம்புக்கு மேலுள்ள கணுமூட்டில் இறங்குகிறது. அந்த நிலையில் முறியும் எலும்பு பல துண்டுகளாகச் சிதறி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, இரத்த ஓட்டத்தையும் அறுத்துவிடுகிறது. இதையெல்லாம் தாண்டி அறுவை சிகிச்சை வெற்றி பெற்றாலும், மற்றக் கால்கள் கூடுதல் சுமையைத் தாங்கித் தாங்கி, குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய அடுக்கு கிழிய ஆரம்பிக்கும். அந்த வலியில் குதிரையால் நிற்கவே முடியாது.

அமெரிக்காவில் 2006-ல் கென்டக்கி டெர்பி என்ற பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரங்களில் அடுத்த பெரிய பந்தயத்தில் வலது பின்னங்கால் முறிந்து நின்றது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் உலோகத் தகடும் 27 திருகுகளும் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். மயக்கம் தெளியும்போது உதைத்துக்கொண்டு காலை மறுபடி முறித்துவிடக் கூடாது என்று அதை நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டுக் கண்விழிக்க வைத்தார்கள்; 1975-ல் ரஃபியன் என்ற பெண் குதிரை அவ்வாறு உதைத்துத்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் உயிரிழந்தது. பணத்துக்கும் திறமைக்கும் குறைவே இல்லாமல் எட்டு மாதம் போராடியும், மேலே சொன்ன, குளம்பின் உள் அடுக்கு கிழியும் நோய் மற்றக் கால்களுக்குப் பரவியதால் 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே, முறிந்த பிறகு என்ன செய்யலாம் என்பதைவிட, முறியாமல் காப்பதில்தான் நான் அதிகம் நம்பிக்கை வைத்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்குத் திடீர் விபத்தாகத் தோன்றும் முறிவுகளில் பெரும்பாலானவை திடீரென்று ஏற்படுபவை அல்ல. தொடர்ந்த வேக ஓட்டத்தால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் சேர்கின்றன. ஓய்வு கொடுத்தால் உடம்பே சேதமான பகுதியை அரித்தெடுத்துவிட்டுப் புது எலும்பை நிரப்பும். அரித்தெடுத்து, இன்னும் நிரப்பாத அந்த இடைக்காலத்தில் எலும்பு வலுவிழந்திருக்கும் என்பதால், ஓய்விலிருந்து திரும்பிய குதிரையை அவசரமாக ஓடவிடுவதும் ஆபத்தே. இரண்டு வயதிலேயே பந்தயத்துக்கு இறக்குகிறார்கள். முதுகெலும்பின் வளர்ச்சி முடிய ஐந்து வயதுக்கு மேலாகும்.

இந்த விரிசல் முன்கூட்டியே குறிப்புக் காட்டும். காலையில் லாயத்திலிருந்து குதிரையை வெளியே கொண்டுவருமுன், மண்டியிட்டு இரண்டு முன்னங்கால்களையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலில் ஓரிடம் மட்டும் மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால், அல்லது அங்கே விரலை அழுத்தும்போது குதிரை காலை இழுத்துக்கொண்டால், அன்று அதை ஓட்டக் கூடாது. கடற்கரையில் சவாரிக்கு விடப்படும் குதிரைகளுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். அவற்றின் சொந்தக்காரர்கள் சிலருக்கு நானே கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். வலி மருந்தும் மூட்டு ஊசியும் போட்டால் சூடும் வீக்கமும் நொண்டலும் மறைந்துவிடும், விரிசல் அப்படியே இருக்கும். அந்தக் குதிரையின் மேல்தான் ஜாக்கி ஏறுகிறார். குதிரை கால் முறிந்து சரியும்போது ஜாக்கிக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எனவே தக்கலை வாசகிக்கும் இதுதான் என் முக்கியமான பதில்: பையன் சேரப்போகும் லாயத்தில், கால் சூடாக இருக்கிறது என்று குதிரை பராமரிப்பாளர் சொன்னால் ட்ரெய்னர் அன்றைய ஓட்டத்தை நிறுத்துகிறாரா என்று கேளுங்கள்.

கட்டுப்பாடு இருந்தால் சாவு குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 2009-ல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2 குதிரைகள் என்றிருந்த இறப்பு விகிதம், மருந்து விதிகளும் பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனையும் கடுமையான பிறகு 2023-ல் 1.32 ஆக இறங்கியது. அதுவும் எனக்குப் போதாது. ஆனாலும், இதெல்லாம் தலைவிதி என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை பதில் சொல்கிறது.

கேள்வி: சாட்டையால் அடித்தால்தான் குதிரை வேகமாக ஓடுமா?
- வாசகர், குளச்சல்

பதில்: களைத்த குதிரையிடம் இல்லாத பலத்தைச் சாட்டை கொடுக்காது. கடைசிச் சில நூறு மீட்டரில், அதாவது கால்கள் மிகவும் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் அடி அதிகம் விழுகிறது. அடிக்குப் பயந்து விலகும் குதிரை பக்கத்துக் குதிரையின் பாதையில் புகுந்துவிடும் என்பதால் இது மற்ற ஜாக்கிகளுக்கும் ஆபத்து. நம் நாட்டில் 2001-ம் ஆண்டின் விதிகள், அதிர்வைத் தாங்கும் மெத்தை வைத்த சாட்டையைத்தான் அனுமதிக்கின்றன.

கேள்வி: தென்மாவட்டங்களில் கோயில் கொடை விழாவின்போது தார்ச்சாலையில் குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறார்களே, அது மைதானப் பந்தயத்தைவிடப் பாதுகாப்பானதா?
- வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: இல்லை. மைதானத்தில் புல்லோ மணலோ அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். தார்ச்சாலை அதை முழுவதும் காலுக்கே திருப்பிவிடும். இரும்பு லாடம் தாரில் வழுக்கும். ஆரவாரத்தோடு பைக்குகள் பின்னாலேயே வர, சாலையின் இருபுறமும் கயிறுகூடக் கட்டாமல் கூட்டம் நிற்க, குதிரை மிரண்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தம் காளைகளுக்கானது. குதிரைக்கு அது பொருந்தாது, 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே பொருந்தும். உங்கள் ஊரில் கொடைக் கமிட்டி இப்படி ஏற்பாடு செய்தால், முன்கூட்டியே காவல் நிலையத்திலும் கால்நடை பராமரிப்புத் துறையிலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சாலையில் குதிரை விழுந்துவிட்டால் அதை அடித்து எழுப்ப யாரையும் விடாமல், தலையில் நிழல்பட ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு, 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.