தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கில வாக்கிய உறுப்புகளை எப்படிச் சொல்லித் தருவது?

ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது, சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் ஏன் இவ்வளவு குழப்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக மாலை நேர டியூஷன் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' எட்டையும் மனப்பாடம் செய்ய வைத்துத் தயவுசெய்து தொடங்காதீர்கள். நவுன் என்றால் என்ன என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளையிடம், 'வாட்டர் த பிளான்ட்ஸ்' என்பதில் வாட்டர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். நவுன் என்றுதான் சொல்லும். செடிக்குத் தண்ணீர் ஊற்று என்கிற அந்த வாக்கியத்தில் அது வெர்ப். ஆங்கிலத்தில் சொல் நிற்கிற இடம்தான் பெரும்பாலும் அதன் வேலையைக் காட்டும். முதலில் பதிய வேண்டியது இதுதான்.

இதற்குத் தமிழையே துணைக்கு அழைக்கலாம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். 'பையன் நாயைத் துரத்தினான்' என்பதைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்து இடம் மாற்றச் சொல்லுங்கள். 'நாயைப் பையன் துரத்தினான்' என்று வைத்தாலும் பொருள் மாறாது, 'ஐ' உருபு காப்பாற்றிவிடும். இப்போது 'த பாய் சேஸ்ட் த டாக்' சீட்டுகளைக் கொடுங்கள். பாயும் டாகும் இடம் மாறினால் நாய் பையனைத் துரத்துகிறது! வகுப்பே சிரிக்கும், ஆனால் விஷயம் உள்ளே இறங்கிவிடும்.

அடுத்தது வெர்ப். சப்ஜெக்டைத் தேடுவதற்கு முன்னால் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். 'த உமன் நியர் த பஸ் ஸ்டாண்ட் செல்ஸ் ஃப்ளவர்ஸ்' என்று போர்டில் எழுதுங்கள். இதே வேலை நேற்று நடந்தது என்றால் எந்தச் சொல் மாறும்? செல்ஸ், சோல்ட் ஆகும். மாறுகிற அந்தச் சொல்தான் வெர்ப். கட், புட் போன்றவை மாறாதே என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும். ஷி போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்று ஷி கட்ஸ், நேற்று ஷி கட். எஸ் விழுந்துவிடுகிறது.

அப்புறம் 'விற்பது யார்?' என்று கேளுங்கள். பாதிப் பேர் பஸ் ஸ்டாண்ட் என்பார்கள், வெர்புக்குப் பக்கத்தில் இருப்பதால். அந்த இடத்தில் 'ஷி' வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஷி செல்ஸ் ஃப்ளவர்ஸ்' என்று சரியாக வர எவ்வளவு அழிக்க வேண்டியிருக்கிறது? 'த உமன்' முதல் 'ஸ்டாண்ட்' வரை. அந்த மொத்தக் கொத்தும் சப்ஜெக்ட். சப்ஜெக்ட் என்றால் ஒரே ஒரு சொல் என்ற எண்ணம் இங்கேதான் உடையும். இதற்கு ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

தமிழ் இடறிவிடுகிற இடங்களும் உண்டு. 'அப்பா தையல்காரர்' தமிழில் முழு வாக்கியம், அதனால் பிள்ளைகள் 'மை ஃபாதர் டெய்லர்' என்று எழுதுகிறார்கள். 'வந்தான்' என்றாலே யார் என்று தெரிகிறது, அதனால் 'ஹி' விட்டுப்போகிறது. 'அவனிடம் கேள்' என்பது 'ஆஸ்க் டு ஹிம்' ஆகிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'எனக்கு' எழுவாய் இல்லை, ஆங்கிலத்தில் அந்த ஆள்தான் 'ஐ' என்று முன்னால் வந்து நிற்க வேண்டும். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள்.

ஆப்ஜெக்ட் எது, காம்ப்ளிமென்ட் (சப்ஜெக்ட் யார், எப்படிப்பட்டது என்று சொல்கிற பகுதி) எது என்ற குழப்பத்துக்கு இரண்டே வாக்கியம் போதும். 'ஷி இஸ் எ டீச்சர்', 'ஷி மெட் எ டீச்சர்'. முதலாவதில் இருப்பது ஒரே ஆள், இரண்டாவதில் இரண்டு பேர். 'ஆசிரியரைச் சந்தித்தாள்' என்று தமிழில் 'ஐ' வருகிறதே என்பதும் ஒரு கைகாட்டி. ஆனால் அதையே முழுக்க நம்பக் கூடாது, 'பூ விற்றாள்' என்பதில் உருபு மறைந்திருக்கிறது.

பேசிவ் வாய்ஸை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எது ஆப்ஜெக்ட் என்று தெரிந்த பிள்ளைக்கு, அதைத் தூக்கி முன்னால் வைத்து 'ஃப்ளவர்ஸ் ஆர் சோல்ட்' என்று எழுத ஃபார்முலா எதுவும் தேவைப்படாது.